ஒரு நூல் கூடக்குறைய

ரேடியேட்டர் மூடியைப் போட மறந்தது நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் நாலு குற்றம் கூடவே சேர்ந்து வரும்.

தண்ணீர் ஊற்றியதுவரை சரி. மூடியை எஞ்சின்மேல் ஓரமாக வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். தைக்கக் கொடுத்த நாற்பத்திரண்டு கோட்டும் எங்கே என்றார்கள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். எல்லா டெய்லரும் சொல்வதுதான். சொல்லிவிட்டு நிஜமாகவே கிளம்பிய டெய்லர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பானெட்டைச் சாத்தினேன், கோட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கினேன், புறப்பட்டுவிட்டேன்.

பாதி வழியில் வண்டியின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. தையல்காரனுக்கு ஆவி என்றால் நல்ல சேதி. இஸ்திரிப் பெட்டி பதமாகச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு கிலோமீட்டர் உற்சாகமாக ஓட்டினேன். பள்ளிக்கூட வாசலில் வண்டி ஒரு தடவை இருமியது, ஒரு தடவை குலுங்கியது, நின்றுவிட்டது.

கோட்டுகள் எல்லாம் கச்சிதமான அளவு என்று தலைமையாசிரியை பாராட்டினார். வாசலில் கார் புகைந்துகொண்டிருந்தது. அது என்னுடைய காராக இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அது மாமனாருடையது.

மாமா முப்பது வருஷம் பஸ் பணிமனையில் எஞ்சின் பிரித்து மாட்டியவர். மாமி போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். வந்து பதினொரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினொரு வருஷத்தில் எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சையெல்லாம் சேர்த்துக் கோத்தால் ஒரு சட்டைக்குப் பட்டன் வைக்கக்கூடக் காணாது. சாப்பிட்டீங்களா மாமா என்பேன். ஆச்சு மாப்பிள்ளை என்பார். வெயில் அதிகம் என்பார். ஆமாம் என்பேன். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போடவும் நாலு வார்த்தை பேச வேண்டுமே. வீட்டிலேயே டெய்லரை வைத்துக்கொண்டு ரெடிமேட் சட்டை வாங்கிப் போடுகிற மனிதர் அவர். அதைப் பற்றியும் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மூன்று வாரம் மூத்த மகள் வீட்டில் இருந்துவிட்டு வருவதாகப் போயிருந்தார். போகும்போது கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “வண்டியை யாரும் எடுக்க வேண்டாம்” என்று என் மனைவியிடம் சொன்னார். யாரும் என்றால், வீட்டில் மிச்சம் இருந்தது நாங்கள் இருவர். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அவர் திரும்பி வந்து என்னைத் திட்டுவார் என்ற பயம் எனக்கு இல்லை. ஒன்றுமே சொல்ல மாட்டார். சாவியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். வெயில் அதிகம் என்று இப்போது சொல்வதையும் அதற்குப் பிறகு நிறுத்திவிடுவார். அதுதான் பயம்.

ஆகவே, அவர் வருவதற்குள் வண்டி விட்டுப்போனபடியே நிற்க வேண்டும், சேதியும் வெளியே போகக் கூடாது. இதில் இரண்டாவதுதான் கஷ்டம். சுற்றுவட்டாரத்தில் ஸ்பேனர் பிடித்த ஒவ்வொருவருக்கும் மாமாவைத் தெரியும். அந்தக் காரின் இருமலைக் கேட்டாலே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் நான் வீடு திரும்புவதற்குள் சேதி மாமாவிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

வாய் திறக்காத ஆள் ஒருவர்தான் இருந்தார். மேம்பாலத்துக்குக் கீழே லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய பட்டப்பெயர் ‘பார்ப்போம்’. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். வேலை முடிந்துவிட்டதா என்றால் பார்ப்போம். முடியாதா என்றாலும் பார்ப்போம். ஒருமுறை யாரோ அவரிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்டதற்கும் அதே பதில் வந்ததாகக் கேள்வி.

தெரிந்த பால் வேன்காரர் கயிறு கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தார். வண்டிக்குள் ஒரு பழைய கையேடு இருந்தது. பிரித்துத் தைப்பது என் தொழில். துணியானால் என்ன, இரும்பானால் என்ன என்று ஆரம்பித்தேன். கழற்றிய போல்ட்டுகளை என் மனைவி பட்டன் டப்பாக்களில் வகைவகையாகப் போட்டு, மேலே சாக்குக்கட்டியால் எழுதி வைத்தாள். மூன்று நாளில் எஞ்சினின் தலைப்பகுதி, ஹெட் என்கிறார்களே, அது தனியாகக் கையோடு வந்தது. சூட்டில் வளைந்திருந்தது. அதை ஒரு கோட்டு உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, தோளில் சாய்த்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

பார்ப்போம் ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இழைத்து மட்டமாக்கிவிடலாமா என்றேன்.

“பார்ப்போம்.”

“அண்ணே, இன்னொரு விஷயம். இது எங்க மாமாவுக்குத் தெரியக் கூடாது.”

“பார்ப்போம்.”

அதை நான் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

நன்றாக மட்டமாக இருக்கட்டும் என்று நான் இரண்டு தடவை சொல்லியிருந்ததால், அவரும் தாராளமாகவே இழைத்துக் கொடுத்தார். கொண்டுவந்து மாட்டினேன். போல்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சவில்லை என்பதை என் மனைவி நம்பாமல் டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. பதில் தெரிந்த ஒரே ஆள் மூத்த மகள் வீட்டில் இருந்தார். அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போனை எடுத்தேன்.

“மாமா, நான்தான் பேசறேன்.”

 அவர் மெல்லக் கேட்டார்.

“யாருக்கு என்ன ஆச்சு?”

நியாயமான கேள்வி. பதினொரு வருஷத்தில் நான் அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“யாருக்கும் ஒண்ணும் இல்ல மாமா. கடைக்கு ஒரு கஸ்டமர் வர்றாரு, கோட்டு தைக்க. அவர்கிட்ட பழைய கார் ஒண்ணு இருக்கு. ஹெட்டை இழைச்சுப் போட்டாராம். ஸ்டார்ட் ஆகலையாம்.”

“ஏன் இழைச்சாரு?”

“சூடாகி வளைஞ்சிடுச்சாம்.”

“ஏன் சூடாச்சு?”

“ரேடியேட்டர் மூடி போட மறந்துட்டாராம்.”

“மடையன்” என்றார் மாமா.

“ஆமா மாமா” என்றேன். என்னைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரே கருத்துக்கு வந்தது அன்றுதான்.

பிறகு விளக்கினார். எஞ்சினுக்குள் கீழே கேம் என்று ஒரு தண்டு மேடும் பள்ளமுமாகச் சுற்றுகிறது. மேடு வரும்போது அது ஓர் இரும்புக் குச்சியை மேலே தள்ளுகிறது. குச்சி மேலே ராக்கர் என்ற சின்னத் தராசின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை இறங்கி வால்வை அமுக்கித் திறக்கிறது. அந்தக் குச்சிக்குப் புஷ் ராடு என்று பெயர். மொத்தம் எட்டு. ஹெட்டை இழைத்ததில் கூரை தாழ்ந்துவிட்டது. தூண் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது. அதனால் வால்வு எதுவும் முழுக்க மூடவில்லை. தாழ்ந்த கூரைக்குத் தகுந்த மாதிரி குட்டையான புஷ் ராடு எட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். எவ்வளவு குட்டை என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

“அளக்கிறதுன்னா பிரச்சினை இல்ல மாமா” என்றேன். அவசரத்தில் என் தொழில் வெளியே வந்துவிட்டது.

“அவருக்கு அளக்கத் தெரியுமா?”

“நான் சொல்லிக் குடுத்துடறேன் மாமா.”

“சரி. நாளைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.”

லேத் பட்டறையில் அளவு ராடு என்று ஒன்று இருந்தது. இரண்டு துண்டு, நடுவில் மரை. திருகினால் நீளும், திருப்பித் திருகினால் குறையும். புஷ் ராடு இருக்கிற இடத்தில் இதை வைத்து, வால்வின் தலையில் மை தடவி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ராக்கர் உரசிய இடத்தில் மை அழிந்து ஒரு கோடு விழும். கோடு வால்வுத் தலையின் நடுவில் விழுந்தால் நீளம் சரி. வெளிப்பக்கம் போனால் ராடு நீளம். உள்பக்கம் வந்தால் குட்டை. ஒரே ஒரு நிபந்தனை: அளவு ராடு பட்டறைச் சொத்து. காலையில் எடுத்துப் போனால் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இதை அவர் சொல்லவில்லை. சுவரில் எழுதி வைத்திருந்தார்.

மைக்குப் பதில் நான் நீலச் சாக்குக்கட்டியைத் தேய்த்தேன். என் மனைவி ஸ்பேனரால் எஞ்சினைச் சுற்றினாள். கோடு ஓரத்தில் விழுந்தது. அரைச் சுற்றுக் குறைத்தேன். கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் அரைச் சுற்று. இப்படியே பதினாறு தடவை. கடைசியில் கோடு நட்டநடுவில், கைதேர்ந்தவன் எடுத்த பட்டன் காஜா மாதிரி மெல்லிசாக விழுந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அளவு ராடை அசையாமல் ஒரு பட்டுத்துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திப் போய்ப் பார்ப்போமிடம் கொடுத்தேன்.

இரண்டு நாளில் எட்டு ராடும் வந்தன. மாட்டினேன். சாக்குக்கட்டி தேய்த்துச் சுற்றிப் பார்த்தால் கோடு வெளிப்பக்க விளிம்பில் போய் நின்றது. ராடு நீளம்.

வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தேன். லேத் தப்பு செய்யாது. அளவு ராடும் தப்பு செய்யாது. நடுவில் இருந்தது நான். என் மனைவிதான் அதைப் பிடித்தாள்.

“என்னங்க, நீங்க எந்தத் துணிக்கு அளந்த அளவை அப்படியே வெட்டியிருக்கீங்க? தையலுக்குன்னு கொஞ்சம் விடுவீங்களே. அதுக்கும் விட்டிருப்பீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருஷமாக எதை அளந்தாலும் ஓரம் மடிக்க, பிற்பாடு பிரித்துவிட என்று அரை அங்குலம் கூட்டி வைக்கிற கை இது. என்னைக் கேட்காமலேயே கடைசியில் ஒரு சுற்றுக் கூட்டியிருக்கும். கூட்டியது ஞாபகம் இல்லை. கூட்டாததும் ஞாபகம் இல்லை.

மாமாவிடம் சாயங்காலம் சொன்னேன், கோட்டுக்காரர் தப்பாக அளந்துவிட்டார் என்று. அந்த ஆளுக்கு என்ன வேலை என்றார். வாய்க்கு வந்தபடி வாத்தியார் என்றேன். என்ன பாடம் என்றார். கணக்கு என்றேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நினைத்து மாமா வருத்தப்பட்டார்.

இரண்டாவது தடவை அளந்தேன். இந்தத் தடவை என் கைமேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால், அளவு ராடைக் கொடுக்கும்போது பார்ப்போமிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

“அண்ணே, எதுக்கும் ஒரு நூல் குறைச்சே வெட்டுங்க.”

“பார்ப்போம்.”

என் தொழிலில் நூல் என்றால் ஊசியில் கோப்பது. ஒரு நூல் என்றால் மயிரிழை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்று. பட்டறையில் நூல் என்பது ஓர் அளவு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் அதில் ஒன்று. எஞ்சினுக்குள் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்பது, இடுப்பு முப்பத்தாறு உள்ளவருக்கு இருபத்தெட்டில் பேன்ட் தைப்பது மாதிரி. இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ராடுகளை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் தெரிந்தது. நல்ல எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடும் என்பார்கள். ஓடியது. பத்து வருஷம் எண்ணெய் போடாத தையல் மெஷின் மாதிரி. பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்ட துணியை அந்த அம்மாள் அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அரை நிமிஷத்தில் இரண்டு ராடு குழியிலிருந்து நழுவிச் சாய்ந்துகொண்டன.

அன்றைக்கு மாமா சிரித்தார். போனில் முதலில் அது இருமல் என்று நினைத்தேன்.

“நூலா? அவரு வாத்தியார்னுதானே சொன்னீங்க? டெய்லர் மாதிரி பேசியிருக்காரே.”

“என்கூடப் பழகிப் பழகி அப்படி ஆயிட்டாரு மாமா” என்றேன். 

இதற்கிடையில் கடையில் வேறு கதை. கூட்டாதே, கூட்டாதே என்று நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேனா, அந்த வாரம் வெட்டிய துணி ஒன்றிலும் மடிப்புக்கு இடம் விடவில்லை. வங்கி மேலாளர் புது பேன்ட்டோடு கண்ணாடி முன்னால் நின்று தன் கணுக்கால்களை வெகுநேரம் பார்த்தார். வெள்ளம் வரப்போகிறதா டெய்லர் என்று கேட்டார். கீழே வேறு துணியில் பட்டை கொடுத்து, இதுதான் புது மோஸ்தர் என்றேன். நம்பவில்லை. நம்பாததை முகத்தில் காட்டாமல் வாங்கிப் போனார். பெரிய மனிதர்.

போன் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. ராடு கையில் இல்லாத நாளிலும் பேசினோம். அங்கே மாமா ஏழு மணியானால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார் என்று மூத்தவள் சொன்னதாக என் மனைவி சொன்னாள்.  என் பேச்சில் எங்கே இடறுகிறேன் என்று கூர்ந்து கவனிக்கிறார் போலிருக்கிறது.

ஒவ்வொரு நாளும் அவர் கோட்டுக்காரரைப் பற்றிக் கேட்க, நான் ஒரு குடும்பத்தையே தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கோட்டுக்காரரின் மனைவி என்ன சொல்கிறாள் என்பார். சிரிக்கிறாள் மாமா என்பேன். நல்ல பொண்ணு என்பார். பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் படுத்துத் தன் இடது தோள் இறங்கிவிட்டதை ஒரு நாள் சொன்னார். அதனால் எந்தச் சட்டையும் தனக்குப் பொருந்தாது, தைக்கிறவருக்குச் சங்கடம் என்று டெய்லரிடம் போவதையே விட்டுவிட்டாராம். பதினொரு வருஷமாக நான் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை மிகவும் உஷாராக இருந்தேன். கோடு நடுவில் விழுந்ததும், மரை வழியில் அசையாமல் இருக்க அளவு ராடின் இடுப்பில் கறுப்பு நூலால் நாற்பது சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பார்ப்போம் அந்த முடிச்சை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். இந்தத் தடவை நூல் என்ற வார்த்தையை நான் வாயிலேயே எடுக்கவில்லை. அளந்த அளவு எதுவோ அதுவே வேண்டும் என்றேன். பார்ப்போம் என்றார்.

ராடுகள் வந்தன. மாட்டினேன். கோடு வெளிப்பக்க விளிம்பில்.

“நூலையும் சேர்த்து அளந்திருப்பாரு” என்றாள் என் மனைவி. அவள் குரலில் அனுதாபம் இருந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்று மாமாவிடம் பேசும்போது எனக்கே அலுத்துவிட்டது. கோட்டுக்காரர் மனம் உடைந்துபோயிருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை.

“அவருக்கு இவ்வளவு அவசரம் எதுக்கு?” என்றார் மாமா.

“வண்டி அவருது இல்ல மாமா. அவரு மாமனாரோடது. கேக்காம எடுத்துட்டாரு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். 

“மாமனார் கோபக்காரரா?”

“தெரியலை மாமா. அவரு எதுவும் பேச மாட்டாரு.”

“இவரு பேசியிருக்காரா?”

  அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி அளக்கச் சொல்லுங்கள், நாளைக்கு என்ன ஆச்சு என்று சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார். மூத்தவள் குடும்பம் வெளியூர் போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்றார். அன்று வியாழன்.

கடையை மூடினேன். வாசலில் ‘அவசரம்’ என்று மட்டும் எழுதித் தொங்கவிட்டேன். யாருக்கு, என்ன என்று எழுதவில்லை. நாலாவது தடவை அளந்தேன். கோடு நடுவில் விழுந்தபோது இந்தத் தடவை கண் கலங்கவில்லை. அந்தக் கோட்டின்மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது. பட்டறைக்குப் போய், அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மாமா வர்றாரு, அதற்குள் வண்டி ஓடாவிட்டால் நான் அந்த வீட்டில் ஒரு நாற்காலி மாதிரிதான் என்றேன்.

பார்ப்போம் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். அளவு ராடை வாங்கிக்கொண்டு லேத்துக்குப் போனார்.

சனிக்கிழமை காலை ராடுகள் வந்தன. மாட்டினேன். கோடு நட்டநடுவில். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. என் மனைவி பானெட்டில் காதை வைத்துக் கேட்டாள். எங்கள் கடை மெஷினைவிட நன்றாக ஓடுகிறது என்றாள். நான் அந்த இடத்திலேயே, எண்ணெய்க் கறையின்மேல், கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் அசைந்திருந்தால் அழுதிருப்பேன்.

ஞாயிறு மாமா வந்தார். பையை வைத்தார். சாவியை எடுத்தார். வண்டியைக் கிளப்பித் தெருவைச் சுற்றி ஒரு நடை போய்வந்தார். நான் ஜன்னல் திரையை மடித்து வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு நிமிஷம். உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினார்.

“வண்டி நல்லா இருக்கு” என்றார்.

“அப்படியா மாமா?”

“இழுவை கூடியிருக்கு.”

“வெயிலுக்கு இருக்கும் மாமா.”

“ஆமா. வெயில் அதிகம்.”

அவ்வளவுதான். தப்பித்துவிட்டேன். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு என் கை தானாகப் போனைத் தேடியது. தேடிவிட்டுச் சும்மா வந்தது. கூப்பிட வேண்டிய ஆள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். நான் சட்டைப் பையைத் தடவினேன். இருவரும் சத்தமில்லாத டிவியைப் பார்த்தோம். யாரோ யாருக்கோ சத்தமில்லாமல் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அந்தக் கோட்டுக்காரர் வண்டி ஓடிடுச்சா?” என்றார் மாமா, திரையைப் பார்த்தபடி.

“நேத்து ஓடிடுச்சு மாமா.”

“நல்லது.” ரிமோட்டைக் கையில் எடுத்தபடி, “அப்போ அவருக்கு இனிமே சந்தேகம் ஒண்ணும் வராது.”

“வராது மாமா” என்றேன்.  அவர் சத்தத்தைப் பழையபடி கூட்டிவிட்டார்.

மறுநாள் காலை, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று லேத் பட்டறைக்குப் போனேன். நன்றி சொல்வதா முக்கியம்? மனசைக் குடைந்துகொண்டிருந்தது வேறு. இருபத்தாறு வருஷம் அளவெடுத்துச் சாப்பிடுகிறவன், மூன்று தடவை தப்பாக அளந்திருக்கிறேன். நாலாவது தடவை எதை மாற்றிச் செய்தேன் என்றும் தெரியவில்லை. இது தெரியாமல் இனி ஒரு காலர்கூட நம்பி வெட்ட முடியாது.

“அண்ணே, ஒரே ஒரு கேள்வி. பார்ப்போம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் அளந்ததுல எங்கே தப்பு?”

அவர் லேத்தை நிறுத்தினார். அது நின்று நான் பார்த்ததே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டார். தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“முதல் தடவையே உங்க அளவு சரிதான் டெய்லர்; வண்டி ஓடிடுச்சுன்னா மாப்பிள்ளை போன் பண்றதை நிறுத்திடுவாரு, கொஞ்சம் முன்னப்பின்ன வெட்டிக் குடுன்னு உங்க மாமாதான் மூணு தடவையும் சொன்னாரு.”